எம்.எஸ்.டபிள்யூ. படிச்சிட்டு ஜலகண்டாபுரத்துல என்ன வேலை?

சேலம் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் அவ்வப்போது ஓர் ஆள்சேர்ப்பு அறிவிப்பு வரும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சமூகப் பணியாளர் தேவை, ஒப்பந்த அடிப்படை, தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய் என்று இருக்கும். அன்றைக்கே அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். ‘அப்ளை பண்ணலாமா?’ என்று ஒருவர் கேட்பார். ‘இதுக்குத் தறிக்கே போயிடலாம்’ என்று இன்னொருவர் பதில் போடுவார்.

இரண்டுமே நியாயமான பேச்சுதான். இந்த வேலையில் என்னதான் செய்யச் சொல்கிறார்கள், யார் சேரலாம், சேர்ந்தால் எதிலெல்லாம் மாட்டிக்கொள்வோம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். உதாரணத்துக்கு ஜலகண்டாபுரத்தையே எடுத்துக்கொள்வோம். தாரமங்கலம் தாண்டி, மேட்டூர் வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி. திராவிட இயக்க நாடக ஆசிரியர் ஜலகண்டபுரம் ப. கண்ணனின் பெயரால் சிலருக்குத் தெரிந்த ஊர். மற்றவர்களுக்குத் தறிச் சத்தத்தால் தெரிந்த ஊர்.

இந்த ஊரை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் குழந்தை நலப் பணியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தால், சேலம் மாவட்டத்தைத் தொடாமல் போக முடியாது.

தொட்டில் இங்கேதான் வந்தது

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியானபோது, 6 வயதுக்கு உட்பட்டவர்களில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்ற கணக்கில் தமிழ்நாட்டின் சராசரி 948. சேலம் மாவட்டத்தில் 849. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை (ஆனது 1997-ல்), அதுவும் இதற்குள் அடக்கம். 1986-ல் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலை பற்றிய செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டபோது, ‘அது மதுரைப் பக்கத்துச் சமாச்சாரம்’ என்று மற்ற மாவட்டங்கள் ஒதுங்கிக்கொண்டன. 849 என்ற எண் வந்த பிறகு அப்படி ஒதுங்க முடியவில்லை.

1992-ல் ஜெயலலிதா தலைமையிலான அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. ‘பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொல்லாதீர்கள், இங்கே தொட்டிலில் விட்டுவிடுங்கள், அரசு வளர்க்கும்’ என்பதுதான் அதன் சாரம். 2001-க்குப் பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி போன்ற மாவட்டங்களுக்கும் அது போனது.

திட்டத்தைப் பாராட்டியவர்கள் நிறையப் பேர். திட்டியவர்களும் உண்டு. குழந்தையை வாங்கிக்கொள்கிறீர்கள் சரி, அந்த அம்மாவிடம் என்ன நடந்தது என்று யார் கேட்டார்கள் என்பது பெண்கள் அமைப்புகளின் கேள்வி. வரதட்சணையும் நிலப் பங்கும் அப்படியே இருக்கும்போது தொட்டில் எதை மாற்றும்? பெண் பிள்ளையைக் கைகழுவ அரசே ஒரு வழி திறந்து வைத்தது போல் ஆகாதா? இந்தக் கேள்விகளில் உண்மை இருந்தது. அதே நேரம் அந்தத் தொட்டில்களால் உயிர் பிழைத்து, தத்துப் போய், இன்றைக்கு 30 வயதைத் தாண்டியிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளத் தெரியாதவருக்கு இந்தத் துறை ஒத்துவராது என்பது என் எண்ணம்.

பின்னால் வந்த சட்டம் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. இதன்படி பெற்றவர் குழந்தையை ஒப்படைக்க வேண்டுமானால் குழந்தைகள் நலக் குழுவின் முன்பு வர வேண்டும். முதலில் அவரிடம் ஆற்றுப்படுத்துநர் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்குப் பிறகும் ஒப்படைத்தால், மனசு மாறித் திரும்ப வாங்கிக்கொள்ள 2 மாத அவகாசம் உண்டு. அந்த 2 மாதத்தில் அவர் வீட்டுப் படியேறி, ‘அம்மா, என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?’ என்று கேட்கப் போகும் ஆள் ஒருவர் வேண்டும். அந்த 18,536 ரூபாய் அறிவிப்பு தேடுவது அந்த ஆளைத்தான்.

சரி, வேலைன்னா என்ன வேலை?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் குழந்தைகளைக் ‘காப்பாற்றும்’ வேலையாகத் தெரியும். உள்ளே போனால் பாதி நேரம் விசாரிப்பதும் எழுதுவதும்தான். அதிகம் எழுத வேண்டியது சமூக விசாரணை அறிக்கை. குழந்தையின் குடும்பம், வருமானம், படிப்பு, உடல்நிலை, வீட்டில் யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போகிறது, அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள், குழந்தை என்ன சொல்கிறது என்று எல்லாம் அதில் வர வேண்டும். இந்த அறிக்கையை வைத்துத்தான் குழந்தைகள் நலக் குழு முடிவெடுக்கிறது. அறிக்கையில் ஒரு வரி தப்பாகப் போனால் ஒரு பிள்ளை ஓராண்டு காப்பகத்தில் இருக்க நேரலாம்.

கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய ஓர் அறை வீடு. கணவர் இறந்துவிட்டார். மனைவி தறி ஓட்டுகிறார். மூத்த பையனுக்கு 12 வயது, கடைசிப் பெண்ணுக்கு 5. பையன் வாரத்தில் 2 நாள் பள்ளிக்கு வருவதில்லை என்று தலைமையாசிரியர் சொல்கிறார். பையன் தார் சுற்றுகிறான் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். தறிக்காரரிடம் அந்த அம்மா முன்பணம் வாங்கியிருக்கிறார். அது எவ்வளவு என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

புதிதாக வேலைக்கு வந்தவருக்கு முதலில் தோன்றுவது: பையனை எடுத்து ஒரு இல்லத்தில் சேர்த்துவிடலாம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கிடைக்கும். கேட்க நல்லதாகவே இருக்கும். ஆனால் குழந்தைக்குக் குடும்பம்தான் முதல் இடம், காப்பகம் கடைசி வழி என்பது மேலே சொன்ன சட்டத்தின் 3-வது பிரிவிலேயே இருக்கிறது. ஏழ்மைக்கு மருந்து பிரிவு ஆகாது. ஆகவே கேள்விகளை வேறு மாதிரி போட வேண்டியிருக்கும். அந்த முன்பணம் எவ்வளவு, அதற்குக் கணக்கு இருக்கிறதா? கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 இங்கே பொருந்துமா? பையன் வராத அந்த 2 நாள் எந்தெந்த நாள், ஏன் அந்த நாள்? 5 வயதுப் பிள்ளையை அம்மா யாரிடம் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகிறார்? சில வீட்டில் பையன் வேலைக்குப் போவதே தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று தெரியவரும். அப்போது தேவைப்படுவது காப்பகம் கிடையாது, அங்கன்வாடி அல்லது அந்தப் பெண்ணுக்குப் பள்ளியில் ஓர் இடம்.

சட்டத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் பிள்ளைகளை வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறை நாளில், ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு உண்டு. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் ஊரில் இந்த விலக்கு பெரிய சந்தாக மாறிவிடும். ‘எங்க வீட்டு வேலைதானே சார்’ என்பார்கள். தறி வீட்டில் இருக்கலாம். பாவும் நூலும் யாருடையவை, கூலி யார் தருகிறார்கள் என்று கேட்டால் ‘சொந்தத் தொழில்’ எவ்வளவு சொந்தம் என்று புரிந்துவிடும்.

4,000 ரூபாயும் ஒரு எல்லைக்கோடும்

அந்த வீட்டுக்குக் கொடுக்க அரசிடம் என்ன இருக்கிறது? ஒன்றிய அரசும் மாநிலமும் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிரும் மிஷன் வத்சல்யா திட்டத்தில் ‘ஸ்பான்சர்ஷிப்’ என்ற நிதி ஆதரவு உண்டு. குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். முன்பு 2,000 ஆக இருந்தது. கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், தீராத நோயில் இருப்பவர் ஆகியோரின் பிள்ளைகளைக் குடும்பத்தோடேயே வைத்திருக்க இந்தப் பணம்.

வருமான வரம்பைக் கவனியுங்கள். கிராமப்புறம் என்றால் ஆண்டுக்கு 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000. நம் கற்பனை வீட்டு அம்மாவுக்கு ஒரு நாள் கூலி 300 ரூபாய், மாதம் 24 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 7,200, ஆண்டுக்கு 86,400. ஜலகண்டாபுரம் பேரூராட்சிக்குள் குடியிருந்தால் வரம்புக்குள் வந்துவிடுவார். அதே அம்மா வாடகை குறைவு என்று ஊர் எல்லையைத் தாண்டி ஒரு கிராம ஊராட்சியில் குடியிருந்தால், 14,400 ரூபாய் ‘அதிகமாக’ சம்பாதிக்கிறார் என்று விண்ணப்பம் நின்றுவிடும். தெருவின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதில் ஒரு பையனின் படிப்பு இருக்கிறது. இப்படி ஒரு கோட்டை யார் போட்டார்களோ!

கோடு தடுத்தால் வேறு கதவைத் தட்டத் தெரிய வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. பெண் பிள்ளை பிளஸ் டூ முடிக்கப்போகிறாள், வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றால் ‘புதுமைப்பெண்’ இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். ‘18 ஆகட்டும்’ என்று சட்டத்தைக் காட்டிப் பேசுவதைவிட, ‘காலேஜ் சேர்ந்தா அவ கணக்குக்கே பணம் வரும்’ என்று சொன்னால் காது கொடுக்கும் அப்பாக்கள் உண்டு. விதவைச் சான்று, வருமானச் சான்று, ஆதாரில் பெயர்ப் பிழை திருத்தம், வங்கிக் கணக்கு என்று அலைவதும் இந்த வேலையில் சேர்த்திதான். பாடப்புத்தகத்தில் ‘கேஸ் ஒர்க்’ என்று இருப்பது நடைமுறையில் பல நாள் இ-சேவை மையத்து வரிசை.

கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்

பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை ஒன்று கிடைத்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்பு கொண்டுவர வேண்டும். போலீஸ், செவிலியர், சமூகப் பணியாளர், பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். குழந்தையே தானாகவும் வரலாம் என்று சட்டம் சொல்கிறது. சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும், குழு 4 மாதத்துக்குள் இறுதி முடிவுக்கு வர வேண்டும். கைவிடப்பட்ட குழந்தை 2 வயதுக்குள் என்றால், பெற்றோரைத் தேடிப் பார்த்து 2 மாதத்துக்குள் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்க வேண்டும்.

தத்து என்றதும் சேலம், நாமக்கல் பக்கத்தில் எல்லோருக்கும் ஒன்று ஞாபகம் வரும். 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் பச்சிளம் குழந்தைகளை விற்றதாக ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் கைதாகி, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அந்த ஆடியோ அப்போது எல்லோர் போனிலும் ஓடியது. ‘பிள்ளை இல்லாதவங்களுக்குக் கொடுத்தா புண்ணியம்தானே’ என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. மருத்துவமனை ஊழியரே செய்தால் 3 முதல் 7 ஆண்டு. இந்தச் செய்தியைப் பிரசவ வார்டுக்கும் கிராம சபைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அலகின் வேலை.

பதவி, சம்பளம், நிரந்தரம்

மாவட்ட அலகில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் தலைமை. அவருக்குக் கீழே பாதுகாப்பு அலுவலர்கள், சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர்கள், புறத்தொடர்புப் பணியாளர்கள் என்று வரிசை போகும். மிஷன் வத்சல்யா வழிகாட்டுதல்படி பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் 27,804 ரூபாய், ஆற்றுப்படுத்துநருக்கும் சமூகப் பணியாளருக்கும் 18,536, புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. கடைசிப் பதவிக்கு பிளஸ் டூ போதும். சமூகப் பணியாளருக்கு ஒரு பட்டம், முன்னுரிமை சமூகப்பணி, சமூகவியல் போன்ற பாடங்களுக்கு. பாதுகாப்பு அலுவலருக்கு முதுகலை, அல்லது பட்டத்தோடு அனுபவம்.

பச்சையாகச் சொன்னால், ஒரு பிள்ளை யாரோடு வளர வேண்டும் என்று எழுதித் தருகிறவருக்கு 18,536 ரூபாய் என்பது கூச்சப்பட வேண்டிய தொகை. அதிலும் வேலை ஒப்பந்தம். கல்யாணம், வீட்டுக் கடன், அம்மாவின் மருத்துவச் செலவு என்று வரும்போது நல்ல பணியாளர்கள் 3, 4 ஆண்டில் வங்கிக்கோ ஐ.டி. நிறுவனத்து மனிதவளப் பிரிவுக்கோ போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நஷ்டம் என்னவோ குழந்தைக்குத்தான். கஷ்டப்பட்டு ஓர் அக்காவிடம் வாய் திறந்த பிள்ளை, அடுத்த மாதம் வேறொரு அக்காவிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

நிரந்தர வேலைதான் வேண்டும் என்பவர்கள் டி.என்.பி.எஸ்.சி. பக்கம் பார்க்கலாம். நன்னடத்தை அலுவலர் பணி குரூப் 2 வழியாக வருவது. கொஞ்சம் வயதும் அனுபவமும் ஆன பிறகு குழந்தைகள் நலக் குழு உறுப்பினர் பதவி இருக்கிறது. தலைவரும் 4 உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு, குழந்தைகளுக்கான உடல்நலம், கல்வி, நலப் பணிகளில் 7 ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். பதவிக்காலம் 3 ஆண்டு. போக்சோ வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தையோடு காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று கூடவே போகும் ‘ஆதரவு நபர்’ என்ற பணியும் இருக்கிறது. 2023-ல் உச்ச நீதிமன்றம் இதில் கறாராக உத்தரவு போட்ட பிறகு, பயிற்சி பெற்ற ஆட்களுக்கான தேவை கூடியிருக்கிறது.

என்ன படிக்கணும்?

இந்தியாவில் இந்தப் படிப்பு 1936-ல் மும்பையில், இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னை சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று லயோலா, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, திருச்சி பிஷப் ஹீபர், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி எனப் பல இடங்களில் எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. எந்த இளங்கலை முடித்தவரும் பொதுவாகச் சேரலாம். பி.காம். முடித்துவிட்டு, அல்லது ஐ.டி.யில் 4 ஆண்டு இருந்துவிட்டு வருபவர்களும் உண்டு. வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோவில் தொலைநிலை எம்.எஸ்.டபிள்யூ. கிடைக்கிறது, களப்பணி அதிலும் கட்டாயம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வாரத்தில் 2 நாள் களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், கூட வந்து வழிகாட்டும் ஆசிரியர் இருக்கிறாரா, மாணவர் எழுதும் அறிக்கையை யாராவது படித்துத் திருத்துகிறார்களா என்று கேளுங்கள். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளும் களப்பணி 2 ஆண்டு வீண்.

சொந்த ஊரிலேயே வேலை என்றால்

சொந்த ஊர் என்றால் பாஷை தெரியும், தறி ஷிப்டு எப்போது மாறும், எந்த நேரத்தில் போனால் வீட்டில் ஆள் இருப்பார்கள் என்பதெல்லாம் தெரியும். அதுவே சிக்கலும்கூட. புகாருக்கு ஆளானவர் உங்கள் சித்தப்பாவுக்கு வேண்டியவராக இருப்பார். ‘நம்ம பையன், கொஞ்சம் பார்த்து எழுதும்மா’ என்று போன் வரும். சாதி தெரியும், தெரு தெரியும், எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள், எந்த வீட்டில் ‘வேண்டாம்’ என்றீர்கள் என்று ஊர் கணக்கு வைத்திருக்கும். இதில் ஒரு வழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்வது நல்லது: எல்லா வீட்டிலும் குடிப்பது, அல்லது எந்த வீட்டிலும் குடிக்காமல் இருப்பது.

பெயர் வெளியே போகக் கூடாது என்பது இன்னொன்று. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்குகின்றன. சிறிய ஊரில் பெயர் சொல்லத் தேவையே இல்லை. அலகின் ஜீப் வாசலில் நின்றாலே போதும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போவார்கள், அந்தத் தெருவில் வேறு இரண்டு வீட்டிலும் ஏறி இறங்குவார்கள்.

இரவில் தூக்கம் வராமல் போவதும் நடக்கும். பயிற்சியில் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. கேட்ட கதைகளை இறக்கி வைக்க ஒரு மூத்த பணியாளரையோ ஆற்றுப்படுத்துநரையோ ஆரம்பத்திலேயே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் சொல்லி அழ முடியாத வேலை இது, சொன்னால் ரகசியம் போய்விடும்.

வேலையை விடாமலேயே ஒத்திகை பார்க்க ஆசையா? கிராம, பேரூராட்சி அளவில் குழந்தைகள் நல, பாதுகாப்புக் குழுக்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்க் குழு கடைசியாக எப்போது கூடியது என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தேதி சொன்னார்கள் என்றால் அடுத்த கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். சொல்ல முடியாமல் விழித்தார்கள் என்றால், எப்போது கூட்டப்போகிறார்கள் என்று அடுத்த வாரம் மறுபடியும் போய்க் கேளுங்கள். மாவட்ட அலகு அறிவிப்பில் ‘அனுபவம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுத ஒரு வரி கிடைத்துவிடும். குழந்தை ஒன்று ஆபத்தில் இருப்பது அதற்குள் தெரியவந்தால், குழு கூடும் வரை காத்திருக்க வேண்டாம். 1098-ஐ அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.